கைக்கு இதமான நரம்பு எது?



இந்த மாதச் சுவர் இதழுக்கு டென்னிஸ் மட்டையில் கட்டுகிற நரம்பைப் பற்றி எழுதியிருக்கிறேன். "நம்ம ஸ்கூல்ல டென்னிஸ் கோர்ட்டே கிடையாதே, இது எதுக்கு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. நம்மிடம் இருப்பது பூப்பந்து மைதானமும் கபடி மைதானமும்தான். ஆனாலும் நரம்பு கட்டிய எந்த மட்டையைப் பிடிக்கிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. கை நம்முடையதாச்சே!

என் சித்தப்பா கோயம்புத்தூரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் மட்டைக்கு நரம்பு கட்டுகிற வேலை பார்க்கிறார். கோடை விடுமுறையில் இருபது நாள் அங்கே இருந்தேன். மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்ததையும் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

கட்டிங் என்றால் வெட்டுவது இல்லை

கடைக்கு வருகிறவர்கள் யாரும் நரம்பு கட்டணும் என்று சொல்வதில்லை. "அண்ணா, கட்டிங் போடணும்" என்றுதான் சொல்கிறார்கள். முதல் நாள் எனக்கு ஒன்றும் புரியவில்லை. முடி வெட்டுகிற கடை என்று நினைத்து வந்துவிட்டார்களோ என்றுகூடத் தோன்றியது. சித்தப்பா சிரித்துக்கொண்டே விளக்கினார். 'கட்' என்றால் ஆங்கிலத்தில் குடல். அந்தக் காலத்தில் மட்டைக்கு ஆட்டுக் குடலில் செய்த நரம்பைத்தான் கட்டினார்கள். அதனால் வந்த பேர் இது. இப்போது பெரும்பாலும் குடல் இல்லை, பேர் மட்டும் நிற்கிறது.

ஒரு டென்னிஸ் மட்டைக்கு ஏறக்குறைய 12 மீட்டர் நரம்பு வேண்டும். நிறைய மட்டைகளில் நெடுக்கே 16, குறுக்கே 19 என்று இழைகள் ஓடும். நெடுக்கு இழைகளை நடுவில் ஆரம்பித்து இரண்டு பக்கமும் சமமாகக் கட்டிக்கொண்டு போவார்கள். ஒரே பக்கமாகக் கட்டினால் சட்டம் கோணிவிடும். குறுக்கு இழையை மேலே ஒன்று கீழே ஒன்று என்று பாய் முடைகிற மாதிரி நுழைக்க வேண்டும். சித்தப்பாவுக்கு ஒரு மட்டை முடிய முக்கால் மணி நேரம் ஆகும்.

நரம்பில் நாலு வகை

1. குடல் நரம்பு: 1875-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டில் லியோன் நகரத்தில் பபோலாட் என்ற கம்பெனி டென்னிஸ் மட்டைக்கு இதைச் செய்ய ஆரம்பித்தது. முதலில் ஆட்டுக் குடல், இப்போது மாட்டுக் குடல். மிகவும் மிருதுவானது. விலையும் மிக அதிகம். மழைத் தண்ணீர் பட்டால் கெட்டுவிடும்.

2. சாதா நைலான்: நைலானை 1935-இல் அமெரிக்காவில் டூபாண்ட் கம்பெனியில் வாலஸ் கரோதர்ஸ் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தார். இந்த நரம்பின் நடுவில் ஒரே தடித்த நைலான் இழை இருக்கும். அதைச் சுற்றி மெல்லிய இழைகள். நம்ம ஊர் குளத்தில் மீன் பிடிக்கிற தூண்டில் நரம்பைப் பார்த்திருப்பீர்கள், நடு இழை அந்த மாதிரிதான். விலை குறைவு. மோசமும் இல்லை.

3. மல்டிஃபிலமென்ட்: 'மல்டி' என்றால் பல, 'ஃபிலமென்ட்' என்றால் இழை. தலைமுடியை விட மெல்லிய இழைகள் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரத்துக்கும் மேல், ஒன்றாக முறுக்கி, பசை போட்டு ஒட்டி, மேலே ஒரு பூச்சு கொடுத்திருப்பார்கள். குடல் நரம்பின் மிருதுவைக் குறைந்த விலையில் கொண்டுவரச் செய்தது இது.

4. பாலியெஸ்டர்: ஒரே இழை, விறைப்பானது. கையால் வளைத்தால் கம்பி மாதிரி எதிர்த்து நிற்கும். 1997-இல் பிரெஞ்சு ஓப்பன் போட்டியில், உலகத் தரவரிசையில் 66-ஆவது இடத்தில் இருந்த பிரேசில் வீரர் குஸ்டாவோ குயெர்டன் இந்த வகை நரம்போடு விளையாடிக் கோப்பையை வாங்கினார். அதற்குப் பிறகு பெரிய வீரர்கள் பலரும் இதற்கு மாறினார்கள். பந்தை முழு வேகத்தில் சுழற்றி அடிக்க இது உதவும். சீக்கிரம் அறுந்தும் போகாது.

ஏன் மல்டிஃபிலமென்ட் கைக்கு இதம்?

நம்ம வீட்டுத் திண்ணையில் கயிற்றுக் கட்டில் இருக்கும். அதில் தொப்பென்று உட்கார்ந்து பாருங்கள், ஒன்றும் ஆகாது. அதே மாதிரி பலகை பெஞ்சில் உட்காருங்கள், முதுகெலும்பு வரை அதிரும். உட்கார்ந்தது ஒரே ஆள், ஒரே எடை. கயிறு கொஞ்சம் தழைந்து கொடுக்கிறது, பலகை கொடுக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

கிரிக்கெட்டில் கேட்ச் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொள்வது ஏன் என்று அறிவியல் வகுப்பில் படிக்கிறோம். பந்து நிற்க எடுத்துக்கொள்ளும் நேரம் கூடினால் கையில் விழும் விசை குறையும். மட்டையிலும் அதே கதைதான். பந்து நரம்பில் தங்குகிற நேரம் ஒரு நொடியில் 200-இல் ஒரு பங்குதான். அந்தக் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நரம்பு இழுபட்டுக் கொடுத்தால் அடி மெதுவாக இறங்கும். கொடுக்காத நரம்பு என்றால் அடி அப்படியே மட்டை வழியாகக் கைக்கு வரும்.

நம்ம பூப்பந்து 27 முதல் 30 கிராம் எடை. டென்னிஸ் பந்து 56 முதல் 59.4 கிராம் வரை. ஏறக்குறைய இரண்டு மடங்கு! ஒரு மணி நேர ஆட்டத்தில் எத்தனை அடி என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அக்காவின் முழங்கை

சித்தப்பா மகளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். வயது 16. டென்னிஸில் மாவட்ட அளவில் ஆடுகிறாள். போன வருஷம் அவள் மட்டையில் பாலியெஸ்டர் நரம்பு போட்டுக்கொண்டாள். டிவியில் வருகிற வீரர்கள் போடுவது அதுதான் என்பது ஒரு காரணம். அறுந்து போகாது, அப்பாவுக்குச் செலவு மிச்சம் என்பது இன்னொரு காரணம். இரண்டாவதுதான் பெரிய காரணம் என்று எனக்குத் தெரியும்.

மூன்று மாதத்தில் வலது முழங்கையின் வெளிப்பக்கம் வலிக்க ஆரம்பித்தது. தண்ணீர்க் குடத்தைத் தூக்க முடியவில்லை. பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதினால் கை கடுத்தது. ஆனால் இரண்டு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஏன் தெரியுமா? "வலிக்குதுன்னு சொன்னா, பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு இந்த ஆட்டம்னு நிறுத்திடுவாங்கடி" என்று என்னிடம் சொன்னாள்.

கடைசியில் சித்திதான் கண்டுபிடித்தார். அக்கா தோசைக்கரண்டியை இடது கையில் பிடித்ததைப் பார்த்துவிட்டார். டாக்டரிடம் போனார்கள். 'டென்னிஸ் எல்போ' என்றார். மணிக்கட்டை மேலே தூக்குகிற தசைகள் முழங்கையின் வெளிப்பக்க எலும்பில்தான் வந்து ஒட்டுகின்றன. அந்த இடத்துத் தசைநாண் திரும்பத் திரும்ப இழுபட்டு நைந்துபோவதுதான் இந்த நோய். ஆறு வாரம் ஆட்டத்துக்கு லீவு, தினமும் கைப்பயிற்சி என்று சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்த சித்தப்பா ஒன்றும் பேசவில்லை. அக்காவின் மட்டையை எடுத்து அந்த நரம்பை நடுவிலிருந்து வெட்டிப் போட்டார். "செலவ நான் பாத்துக்கறேன் கண்ணு. நரம்பு அறுந்தா வேற கட்டலாம், கைக்கு எங்க போறது?" என்றார். பிறகு மல்டிஃபிலமென்ட் நரம்பை, இறுக்கம் குறைத்துக் கட்டிக் கொடுத்தார்.

அக்கா இப்போது மறுபடி ஆடுகிறாள். எல்லாம் நரம்பால்தான் சரியானது என்று நான் சொல்ல மாட்டேன். ஓய்வும், பயிற்சியும், அடிக்கிற முறையை மாற்றியதும் சேர்ந்துதான். ஆனால் பழைய நரம்போடு திரும்பிப் போயிருந்தால் வலியும் திரும்பி வந்திருக்கும் என்று சித்தப்பா சொல்கிறார்.

உங்களுக்குத் தெரியுமா?

* கிரிக்கெட் வீரர் சச்சின் டெண்டுல்கருக்கும் டென்னிஸ் எல்போ வந்தது. 2005-இல் இடது முழங்கையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார்.
* இந்த நோய் வருகிறவர்களில் பெரும்பாலானோர் டென்னிஸ் ஆடாதவர்கள். பெயின்ட் அடிப்பவர்கள், தச்சு வேலை செய்பவர்கள், ஈரத்துணி பிழிகிற நம்ம அம்மாக்களுக்கும் வரும்.
* 2022-இல் ஓய்வு பெற்ற ரோஜர் ஃபெடரர் நெடுக்கே குடல் நரம்பும் குறுக்கே பாலியெஸ்டரும் கலந்து கட்டி ஆடினார். அவ்வளவு பெரிய வீரரே பாதி மட்டைக்கு மிருதுவான நரம்புதான் போட்டிருக்கிறார்!

நரம்பு வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலில் உறையைப் படியுங்கள். மல்டிஃபிலமென்ட் என்று எழுதியிருக்கும். 'பாலி', 'கோ-பாலி' என்று இருந்தால் அது விறைப்பு வகை. வில்சன் என்எக்ஸ்டி, டெக்னிஃபைபர் எக்ஸ்-ஒன் பைஃபேஸ், ஹெட் வெலாசிட்டி, பபோலாட் எக்ஸெல் எல்லாம் மல்டிஃபிலமென்ட் வகை. இதில் எது உசத்தி என்று சண்டை வேண்டாம். எல்லாமே கைக்கு இதமானவைதான். கிடைப்பதையும் விலையையும் பார்த்து எடுக்கலாம்.

அடுத்தது தடிமன். இதை 'கேஜ்' என்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை, எண் கூடினால் நரம்பு மெலியும். 16 கேஜ் என்றால் சுமார் 1.30 மில்லிமீட்டர், 17 கேஜ் என்றால் சுமார் 1.25. மெல்லியது இன்னும் மிருதுவாக இருக்கும், ஆனால் சீக்கிரம் அறும். அடிக்கடி அறுக்கிறவர்கள் 16 வாங்கலாம். மற்றவர்கள் 17 வாங்கலாம்.

மூன்றாவது இறுக்கம். நிறையப் பேர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். இதைப் பவுண்டில் சொல்வார்கள். 52 பவுண்டு என்றால் 23.6 கிலோ. ஒவ்வொரு இழையையும் ஏறக்குறைய ஒரு 25 கிலோ அரிசிச் சிப்பத்தைத் தொங்கவிட்ட மாதிரி மெஷின் இழுத்துக் கட்டுகிறது! எத்தனை முதல் எத்தனை பவுண்டு வரை கட்டலாம் என்று மட்டையின் சட்டத்திலேயே அச்சடித்திருக்கும். 50 முதல் 60 என்று இருந்தால், கை வலிக்கிறவர்கள் 52, 53-இல் ஆரம்பிப்பது நல்லது. எவ்வளவு நல்ல நரம்பானாலும் இறுக்கிக் கட்டினால் கயிற்றுக் கட்டில் பலகைக் கட்டில் ஆகிவிடும்.

பாலியெஸ்டரிலிருந்து மாறுகிறவர்களுக்கு முதல் நாள் பந்து கோட்டுக்கு வெளியே போகும். நரம்பு கொடுத்துத் திருப்பித் தள்ளுவதால் வருவது அது. பயந்துவிடாதீர்கள். நாலைந்து நாள் ஆடிப் பாருங்கள். அப்போதும் வெளியே போனால் ஒன்று இரண்டு பவுண்டு மட்டும் கூட்டுங்கள்.

குறையும் உண்டு

நல்லதை மட்டும் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். மல்டிஃபிலமென்ட் சாதா நைலானை விட விலை அதிகம். ஆட ஆட மேல்பூச்சு தேய்ந்து பழைய கயிறு மாதிரி பிசிறு பிசிறாக வரும். அது அறுவதற்கு முன் வருகிற அடையாளம். பலமாகச் சுழற்றி அடிக்கிற அண்ணன்கள் சில வாரத்திலேயே அறுத்துவிடுவார்கள். அவர்களுக்கு இது கட்டுப்படியாகாது. பணம் இல்லையென்றால் சாதா நைலானையே இறுக்கம் குறைத்துக் கட்டிக்கொள்ளலாம். அதுவும் பாலியெஸ்டரை விடக் கைக்கு நல்லது.

பாலியெஸ்டர் அறாது என்பதும் முழு உண்மை இல்லை. அறுவதற்கு ரொம்ப முன்னாலேயே அதன் இறுக்கமும் துள்ளலும் போய்விடும். அறவில்லையே என்று மாசக்கணக்கில் அதிலேயே ஆடுவதுதான் கைக்குக் கெடுதல். வாரத்தில் எத்தனை நாள் ஆடுகிறோமோ வருஷத்துக்கு அத்தனை தடவை நரம்பு மாற்ற வேண்டும் என்பது கடைக்காரர்கள் சொல்லும் கணக்கு.

நரம்பு நடுவில் ஒரு சின்ன ரப்பர் பொத்தான் மாட்டியிருப்பார்கள். அது 'டங்' என்ற சத்தத்தைக் குறைக்கும், அவ்வளவுதான். வலிக்கு மருந்து இல்லை. வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் மட்டையை வைக்கக்கூடாது, சூட்டில் நரம்பு தளர்ந்துவிடும்.

கடைசியாக

பெரிய வீரர்கள் போடுவது நமக்கும் நல்லது என்று இல்லை. அவர்கள் கை வேறு, பயிற்சி வேறு, தினமும் நரம்பு மாற்றிக் கொடுக்க ஆள் வேறு. நம்ம வயசுக் கைக்குக் கொடுக்கிற நரம்புதான் நல்ல நரம்பு.

பூப்பந்து டீம் தோழிகளுக்கு ஒரு வார்த்தை. முழங்கையிலோ மணிக்கட்டிலோ ஒரு வாரத்துக்கு மேல் வலி இருந்தால் மறைக்காதீர்கள். பி.இ.டி. சாரிடம் சொல்லுங்கள். "ஆட்டத்தை நிறுத்து" என்று சொல்லுமுன் மட்டையையும் பிடியையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சொல்லாமல் மறைத்தால்தான் ஆட்டம் நின்றுபோகும்.

வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை வலிக்கிறது என்று சொன்னால் "அப்ப ஆடாத" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். என் சித்தப்பா மாதிரி முதலில் நரம்பைப் பாருங்கள்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி