கொரோனாவுக்காக தள்ளிப்போட்ட மூக்கு பரிசோதனை... கருப்பு பூஞ்சை வந்ததும் அவசரமானது ஏன்?

காது வலின்னு போனாலும் இ.என்.டி மருத்துவர் மூக்கையும் தொண்டையையும் சேர்த்தே பார்ப்பார். அதுவும் நோயாளியின் மூச்சுக்காற்று மேலே படும் தூரத்தில் உட்கார்ந்து. கொரோனா வைரஸ் பெருகுவதும் அதே மூக்கு, தொண்டையில்தான். பிரிட்டனில் 2020 மார்ச்சில் கொரோனாவுக்கு பலியான முதல் மருத்துவர்களில் ஒருவரான அம்ஜத் எல்-ஹவ்ரானி ஒரு இ.என்.டி நிபுணர்.

எதெல்லாம் தள்ளிப்போனது?

டான்சில், சைனஸ், செவிப்பறை ஆபரேஷன் போல காத்திருக்கக் கூடியவை ஒத்திவைக்கப்பட்டன. மூக்குக்குள் எண்டோஸ்கோப் விட்டால் தும்மலும் இருமலும் வரும், நுண்துளிகள் பறக்கும். அதனால் மிக அவசியமானவர்களுக்கு மட்டும், கவச உடையோடு அந்த பரிசோதனை நடந்தது. இந்தியாவில் 2020 ஏப்ரலில் இ-சஞ்சீவனி மூலம் வீட்டிலிருந்தே ஆலோசனை பெறும் வசதி வந்தது. ஆனா, வீடியோ காலில் காதுக்குள்ளே எட்டிப் பார்க்க முடியாதே!

குழந்தையின் மூச்சுக்குழாயில் சிக்கிய கடலை, நிற்காத மூக்கு ரத்தம், தொண்டைப் புற்றுநோய்... இவையெல்லாம் பெருந்தொற்று முடியட்டும்னு காத்திருக்காது. நீண்ட நாள் வென்டிலேட்டரில் இருந்த கொரோனா நோயாளிகளுக்கு கழுத்தில் துளையிட்டு சுவாசக் குழாய் பொருத்தும் வேலைக்கும் இ.என்.டி மருத்துவர்கள் தேவைப்பட்டார்கள்.

தலைகீழான 2021

இரண்டாவது அலையில் கதையே மாறியது. கட்டுப்பாடில்லாத சர்க்கரை, அதோடு அதிக அளவு ஸ்டீராய்டு. இந்த இரண்டும் சேர்ந்த உடம்பில் கருப்பு பூஞ்சை எளிதாக நுழைந்தது. மூக்கில் தொடங்கி சைனஸ், கண், மூளை என அது பரவும். ஒரு பக்க முகத்தில் வீக்கம் அல்லது மரத்துப்போதல், மூக்கிலிருந்து கருமையான சளி, ஆடும் மேல்வரிசைப் பல், இரட்டைப் பார்வை இதன் அறிகுறிகள்.

2021 மே மாதம் தமிழ்நாடு அரசு இதை, கண்டறிந்தால் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. முந்தைய ஆண்டு முடிந்தவரை தவிர்க்கப்பட்ட அதே எண்டோஸ்கோப்பி, இப்போது உடனே செய்ய வேண்டிய பரிசோதனையானது. ஒரு நாள் தாமதமானாலும் கண் போகலாம், உயிரும் போகலாம். ஆம்போடெரிசின்-பி மருந்துக்கோ கடும் தட்டுப்பாடு. மருந்து கிடைத்தாலும் அது மட்டும் போதாது, அழுகிய திசுவை வெட்டி எடுத்தாக வேண்டும். அதற்காக இ.என்.டி, கண், பல், சர்க்கரை நோய் மருத்துவர்கள் ஒரே அணியாக வேலை பார்த்தார்கள்.

ஆபரேஷனோடு சிகிச்சை முடியவில்லை. மேல்தாடையை இழந்தவர்களுக்கு, மீண்டும் பேசவும் சாப்பிடவும் செயற்கை அண்ணம் தேவைப்பட்டது. பூஞ்சை திரும்புகிறதா என்று பார்க்க, எண்டோஸ்கோப்பிக்கு அவர்கள் மறுபடி மறுபடி வர வேண்டியிருந்தது.