ஜாலியன்வாலா பாக்: எண்ண மறுக்கப்பட்ட உயிர்கள்

புது தில்லி: அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாகில் 1919 ஏப்ரல் 13-ஆம் தேதி எத்தனை பேர் கொல்லப்பட்டனர் என்ற கேள்விக்கு, நூறாண்டுகள் கடந்த பின்னும் அனைவரும் ஏற்கும் விடை இல்லை. ஆங்கிலேய அரசின் கணக்கு 379. காங்கிரஸ் விசாரணைக் குழுவின் கணக்கு சுமார் ஆயிரம். இந்த இடைவெளி தற்செயலானதல்ல. சுட்டவர்கள் உடனடியாக எண்ண மறுத்ததன் விளைவு அது.

ரௌலட் சட்டத்தை எதிர்த்த தலைவர்கள் சைபுதீன் கிச்லு, சத்யபால் ஆகியோர் ஏப்ரல் 10-இல் நகரிலிருந்து வெளியேற்றப்பட்டனர். அவர்களை விடுவிக்கக் கோரிச் சென்ற கூட்டத்தின் மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. தொடர்ந்த கலவரத்தில் ஐரோப்பியர் ஐவர் கொல்லப்பட்டனர்.

மூன்று நாள் கழித்து, பைசாகித் திருநாளன்று மாலை, ஜாலியன்வாலா பாகில் ஆயிரக்கணக்கானோர் கூடியிருந்தனர். கூட்டத்துக்கு விதிக்கப்பட்டிருந்த தடையை வெளியூரிலிருந்து வந்த பலர் அறியவில்லை. ஜெனரல் டயரின் ஆணைப்படி 50 சிப்பாய்கள் எச்சரிக்கையின்றிச் சுட்டனர். சுமார் பத்து நிமிடங்களில் தீர்ந்த தோட்டாக்கள் 1,650. காயமுற்றோருக்கு எந்த உதவியும் செய்யாமல் படை திரும்பியது. இரவு 8 மணிக்கு மேல் ஊரடங்கு என்பதால் உறவினர்கள் பலரால் உடல்களைத் தேடவும் முடியவில்லை.

நான்கு மாதம் கழித்து

தோட்டாக்களுக்குக் கணக்கு இருந்தது, உயிர்களுக்கு இல்லை. மாண்டவர்கள் 200 முதல் 300 பேர் வரை இருக்கலாம் என்று டயர் தமது முதல் அறிக்கையில் ஊகமாகவே எழுதினார். இறந்தோர் விவரம் தருமாறு அரசு மக்களைக் கேட்டது ஆகஸ்டில்தான். ராணுவச் சட்டத்தின் கொடுமையை அனுபவித்திருந்த ஊரில், தடை செய்யப்பட்ட கூட்டத்துக்குத் தம் வீட்டார் சென்றதை ஒப்புக்கொள்ளப் பலர் அஞ்சினர். 379 என்ற எண் இந்தச் சூழலில் பிறந்தது. அப்பட்டியலில் ஆறு வாரக் கைக்குழந்தையும் உண்டு.

காந்தியடிகள், சித்தரஞ்சன் தாஸ், அப்பாஸ் தியாப்ஜி, ஜெயகர் ஆகியோரைக் கொண்ட காங்கிரஸ் குழு தனியாக விசாரித்தது. அதன் செயலர், லாகூரில் வழக்கறிஞராக இருந்த தமிழர் கே. சந்தானம். 1920 மார்ச்சில் வெளியான இக்குழுவின் அறிக்கை, ஆயிரம் என்பது மிகைக் கணக்கல்ல என்றது.

அரசு நியமித்த ஹண்டர் குழு 1919 அக்டோபர் இறுதியில் தில்லியில் விசாரணையைத் தொடங்கியது. அதற்கு முன்பே, செப்டம்பரில், அதிகாரிகளுக்குச் சட்டப் பாதுகாப்பு வழங்கும் மசோதா நிறைவேற்றப்பட்டுவிட்டது. டயர் பதவி இழந்தார். ஆனால் வழக்கைச் சந்திக்கவில்லை. பிரிட்டிஷ் பிரபுக்கள் சபை 1920 ஜூலையில் அவருக்கு ஆதரவாக வாக்களித்தது. அவருக்காகத் திரட்டப்பட்ட நிதி 26,000 பவுண்டைத் தாண்டியது.

வருத்தமும் மன்னிப்பும்

1997-இல் எலிசபெத் அரசியுடன் நினைவிடத்துக்கு வந்த இளவரசர் பிலிப், சுமார் இரண்டாயிரம் பேர் எனக் குறிப்பிட்ட பலகையைப் பார்த்து, அது மிகை என்றார். டயரின் மகனிடம் கேட்டறிந்ததாக அவர் கூறியது கண்டனத்துக்குள்ளானது. 2019 ஏப்ரலில், நூற்றாண்டையொட்டி, பிரதமர் தெரசா மே நாடாளுமன்றத்தில் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார், மன்னிப்புக் கேட்கவில்லை.

பொதுவாக வருத்தம் தெரிவிக்க எண்ணிக்கை தேவையில்லை. பொறுப்பேற்பதற்கோ, யாருக்குத் தீங்கு இழைக்கப்பட்டது என்று தெரிந்திருக்க வேண்டும். நினைவிடத்தை 2021-இல் ஒலி, ஒளிக் காட்சியுடன் புதுப்பித்த இந்திய அரசுக்கும் இதில் கடமை உண்டு. சுவர்களைப் புதுப்பிப்பதைவிட, விடுபட்ட பெயர்களைத் தேடிச் சேர்ப்பதே மாண்டவர்களுக்குச் செய்யும் முதல் நீதி.