சங்க டிராக்டரின் மின் கோளாறுகள்: தேடிக் காணும் முறை

பேரணையிலிருந்து கள்ளந்திரி வரையில் பெரியாறு பிரதானக் கால்வாய்ப் பாசனத்திலுள்ள இருபோக நிலம் 45,041 ஏக்கர். அணைகளில் நீர் இருப்புப் போதுமானதாயிருக்கும் ஆண்டுகளில் ஜூன் மாதத்தில் இக்கால்வாய் திறக்கப்படுகிறது. திறந்த சில நாட்களுக்குள் நிலக்கோட்டை, வாடிப்பட்டி, மதுரை வடக்கு ஆகிய தாலுகாக்களில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் உழவு வேண்டியிருக்கிறது. அவ்வேளையில் சங்கத்தின் வாடகை டிராக்டர் ஒரு நாள் கிளம்பாமல் நின்றால், நின்றது ஒருவருடைய உழவு மட்டுமன்று; வரிசையில் காத்திருக்கும் அங்கத்தினர் அனைவருடைய முறையும் தள்ளிப்போகிறது; நாற்றங்காலில் நாற்று முற்றுகிறது.

பழைய டிராக்டர் காலையில் கிளம்ப மறுத்தால், சாதாரணமாக முதலில் எழும் பேச்சு ‘புது பாட்டரி போட வேண்டும்’ என்பதுதான். சங்கங்களின் செலவுச் சீட்டுகளைப் பார்வையிடுங்கால், பாட்டரி மாற்றிய சில வாரங்களிலேயே செல்ப் மோட்டார் பழுது பார்த்த செலவும், அதன்பின் மறுபடியும் பாட்டரிச் செலவும் எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம். கோளாறு இருந்த இடம் வேறு. பணம் போன இடம் வேறு. ஆகவே, எந்த உறுப்பையும் மாற்றுவதற்கு முன், வரிசைப்படி தேடும் முறையை இங்கு விளக்க விரும்புகிறோம்.

விளக்கு எரிகிறது, செல்ப் சுற்றவில்லை. ஏன்?

பாட்டரியிலிருந்து புறப்படும் மின்சாரம் கம்பி வழியே சென்று, வேலை செய்துவிட்டு, வண்டியின் இரும்பு உடல் வழியாகவே பாட்டரிக்குத் திரும்புகிறது. போகும் பாதை வாய்க்கால் என்றால், திரும்பும் பாதை வடிகால். இத்திரும்பும் பாதையையே ‘எர்த்’ என்கிறோம். இரண்டில் எது அடைபட்டாலும் ஓட்டம் குன்றும்.

12 வோல்ட் பாட்டரியில் எரியும் 35 வாட் விளக்குக்குச் சுமார் 3 ஆம்பியர் போதும். செல்ப் மோட்டாருக்கோ 200 ஆம்பியருக்கு மேலும் தேவைப்படலாம். பாட்டரி முனையில் பச்சை பூத்து, அங்கே 0.01 ஓம் அளவு தடை ஏற்பட்டதாகக் கொள்வோம். விளக்குக்குச் செல்லும் மின்சாரத்தில் இதனால் குறைவது 0.03 வோல்ட்தான், கண்ணுக்குத் தெரியாது. செல்ப் மோட்டாரை இயக்கும்போதோ 2 வோல்ட் அந்த ஓரிடத்திலேயே வீணாகிறது. தூர்ந்த வாய்க்கால் ஒரு பாத்திக்குப் போதும். பத்து ஏக்கர் வயலுக்குப் போதாது. ஆகையால் விளக்கு எரிவதைக் கண்டு ‘கம்பியெல்லாம் சரி’ என்று முடிவு கட்டலாகாது.

தேட வேண்டிய வரிசை

முதலாவது, முனைகளும் எர்த் கம்பியும். கியரை நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக் போட்டு, எர்த் முனையை முதலில் கழற்ற வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். இவ்வாறு செய்தால் ஸ்பானர் வண்டியின் உடலில் பட்டாலும் தீப்பொறி எழாது. பூத்திருப்பதை ஆப்பச் சோடா கரைத்த நீரால் கழுவி, உப்புத்தாள் கொண்டு தேய்த்து, இறுக மாட்டி, மேலே வாசலின் தடவுக. சோடா நீர் பாட்டரிக்குள் விழக்கூடாது. எர்த் கம்பி வண்டியின் உடலில் பிணைக்கப்பட்ட இடத்திலும் துருவையும் பெயிண்டையும் சுரண்டி நீக்க வேண்டும். இவ்விடத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, பாட்டரி. வண்டி நின்று சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால் 12.6 வோல்ட் காட்டுவது முழுச் சார்ஜ். 12 வோல்ட் அளவில் இருந்தால் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. சாவியைத் திருப்பி செல்பை இயக்கும்போது இது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், பாட்டரியைச் சார்ஜ் செய்து மறுபடியும் சோதிக்க வேண்டும். அப்போதும் விழுமாயின், கடையில் சுமை வைத்துச் சோதித்த பின்னரே புதியது வாங்குக. பாட்டரியின் அருகில் பீடி, சிகரெட் கூடாது. அதிலிருந்து எழும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கும் தன்மையுடையது.

மூன்றாவது, சாவியும் சோலனாய்டும். பாட்டரி நல்ல நிலையிலிருந்தும் ‘டக்’கென்ற ஓசை மட்டும் கேட்டால், தடித்த கம்பிகளின் பிணைப்புகளையும், சோலனாய்டையும், செல்ப் மோட்டாரின் கார்பன் பிரஷையும் ஐயுறலாம். ஓசையே இல்லையெனில், ப்யூஸ், சாவி, சோலனாய்டுக்குச் செல்லும் மெல்லிய கம்பி ஆகியவற்றைச் சிறு டெஸ்ட் விளக்கால் ஒவ்வோரிடமாகத் தொட்டுப் பார்க்க வேண்டும். விளக்கு எரிந்த கடைசி இடத்திற்கும், எரியாத முதல் இடத்திற்கும் நடுவில்தான் கோளாறு இருக்கிறது. சில டிராக்டர்களில் கியர் நியூட்ரலில் இல்லாவிடினும், கிளட்சை மிதிக்காவிடினும் செல்ப் இயங்காதபடி ஒரு சுவிட்ச் உண்டு. அதையும் பார்க்க வேண்டும். வைக்கோல் அடுக்கிய கொட்டகையில் நிற்கும் வண்டியில் எலி கடித்த கம்பிகளைத் தேடுவதும் அவசியம்.

செல்ப் நன்றாகச் சுற்றியும் பழைய டீசல் என்ஜின் பிடிக்கவில்லையெனில், பெரும்பாலும் அது மின் கோளாறன்று. நிறுத்தும் குமிழ் இழுத்தபடி இருக்கிறதா, டீசல் வருகிறதா, குழாயில் காற்று புகுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மறைந்திருக்கும் கோளாறு

இவ்வகை டீசல் என்ஜின் ஒருமுறை கிளம்பிவிட்டால், ஓடுவதற்கு மின்சாரம் தேவையில்லை. ஆகவே சார்ஜ் ஏறாவிட்டாலும் பகலெல்லாம் உழவு நடக்கும்; மறுநாட் காலையில்தான் தெரியவரும். ஓடும்போது பாட்டரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். குறைந்தால் முதலில் பேன் பெல்ட்டின் தளர்வையும், பிறகு டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரையும் பார்க்கலாம். என்ஜின் ஓடும்போதே பாட்டரி முனையைக் கழற்றிச் சார்ஜ் சோதிக்கும் வழக்கம் ஆல்டர்னேட்டர் உள்ள வண்டிக்கு ஆகாது. அதன் டயோடுகள் கெட்டுவிடும்.

செய்யத்தகாதவை இரண்டு

ப்யூஸ் போனால் அதே அளவுள்ள ப்யூஸையே போட வேண்டும். தாமிரக் கம்பியைச் சுற்றி வைத்தால் கம்பிக் கட்டு முழுதும் எரிந்துவிடக்கூடும். அடுத்தது, தரையில் நின்றுகொண்டு செல்ப் மோட்டாரின் முனைகளைத் திருப்புளியால் இணைத்துக் கிளப்புவது. இது மேலே கூறிய நியூட்ரல் சுவிட்சை விலக்கிவிடுகிறது. கியரில் இருந்த வண்டி சட்டென்று நகர்ந்தால், பின் சக்கரத்திற்கு முன்னால் நிற்பவர் விலக நேரமிராது. ஒரு நாள் உழவுக்காக உயிரைப் பணயம் வைக்கலாகாது.

எழுதி வைத்தல்

சொந்த வண்டி வைத்திருப்பவர் அதன் ஓசை மாறினாலே அறிவார். சங்க வண்டியோ பல கைகளில் ஓடுவது. மாலையில் சார்ஜ் விளக்கு அணையாதிருந்ததைக் கண்டவர் ஒருவர். காலையில் சாவியைத் திருப்புபவர் வேறொருவர். ஆகையால் வண்டியுடனேயே ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும். தேதி, பாட்டரி வோல்ட், கண்ட குறை, செய்த வேலை ஆகிய நான்கையும் டிரைவர் மாலைதோறும் எழுதுக. புது பாட்டரிக்கோ செல்ப் மோட்டாருக்கோ அனுமதி கேட்டு வரும்போது, நிர்வாகக் குழுவினர் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுவார்களாக.