பச்சையும் சூட்டுக்குறியும்

யானைப்பாகரின் உடலிற் காணப்படும் விலங்குருவப் பச்சைகளை மூடநம்பிக்கையென ஒதுக்கிவிடுவோர் அவர்தம் தொழிலை நோக்குவதில்லை. பர்மிய ஆடவர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இடையிலிருந்து முழங்கால்வரை பச்சை குத்திக்கொள்வது வழக்கம். புலி, பூனை, குரங்கு, யானை ஆகிய உருவங்கள் அதில் இடம்பெற்றன. பச்சைகள் சிலவற்றுக்குக் காக்கும் ஆற்றல் உண்டென்றும் நம்பப்பட்டது. தேக்கங்காட்டில் மரம் உருண்டாலோ யானை மதங்கொண்டாலோ முதலிற் பலியாகக்கூடியவன் பாகனே. அந்நம்பிக்கை அவனது உழைப்பின் ஆபத்திலே வேர்கொண்டது.

1863இல் நிறுவப்பட்ட பொம்பாய் பர்மா வர்த்தகக் கம்பனியோ தன் யானைகளின் பின்புறத்தில் உடைமைக்குறி இட்டது. பாகனின் தொடையிலிருந்த யானை அவனுடையது. அவன் பேணிய யானை கம்பனியுடையது. இவ்விரு குறிகளையும் ஒருசேர நோக்கும்போதே காலனித்துவக் காட்டின் உற்பத்தி உறவு புலனாகும்.

மட்டக்களப்பில் மாடுகளுக்குச் சுடப்பட்ட குறிகளும் உடைமைக்குறிகளே; ஆயினும் அவை உரியவரின் தாய்வழிக் குடியையும் சுட்டின.