பண்டாரவன்னியன் சிலையும் கற்சிலைமடுக் கல்லும்

வவுனியாவில் மாவட்டச் செயலகத்தின் முன்பாகப் பண்டாரவன்னியனுடைய சிலை நிற்கின்றது. அச்சிலையின் முகம் எவருடையது? வன்னியனை நேரிற் பார்த்து எழுதிய சித்திரம் எதுவும் நமக்குக் கிடைத்திலது. ஆகவே அது சிற்பியின் கற்பனை முகம். இதனைக் குறையாகக் கூறவில்லை. கயத்தாற்றில் 1970ஆம் ஆண்டு நடிகர் சிவாஜி கணேசன் நிறுவிய கட்டபொம்மன் சிலையும் இத்தகையதே.

வன்னியன் என்பது குறுநிலத் தலைவருக்குரிய பட்டம். எங்கள் மட்டக்களப்புத் தெற்கிலும் பற்றுகளின் தலைவர்கள் வன்னியனார் எனப்பட்டனர். ஆதலால் கல்முனையார்க்கு இச்சொல் புதிதன்று. சிலை வைக்கும் வழக்கந்தான் எங்கள் முஸ்லிம் ஊர்களில் இல்லை. பெரியாரின் பெயரைப் பாடசாலைக்கோ வீதிக்கோ சூட்டுவதோடு அமைகின்றோம்.

1803ஆம் ஆண்டு ஜூன் மாதம் கண்டியில் ஆங்கிலப் படை அழிந்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 25ஆம் தேதி பண்டாரவன்னியன் முல்லைத்தீவைத் தாக்கினான். அங்கிருந்த படைக்குத் தலைவர் கப்டன் டிரிபேர்க். அவர் படகேறி யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். இரண்டு மாதங்களின் பின் அதே டிரிபேர்க் மன்னாரிலிருந்து படைகொண்டு வந்து, அக்டோபர் 31ஆம் தேதி ஒட்டுசுட்டானுக்கு அண்மையிலுள்ள கற்சிலைமடுவில் வன்னியனை முறியடித்தார்.

இச்செய்தியை அவ்விடத்தில் ஓர் ஆங்கிலக் கல்வெட்டு அறிவித்தது. சின்னஞ்சிறு கல், சில சொற்களே. வென்றவர் பெருமைக்காகப் பொறித்த அக்கல்லே, தோற்றவனின் பெயரையும் இடத்தையும் நாளையும் நமக்குக் காத்துத் தந்தது! பகைவன் எழுதிய சாட்சியாதலின், அதனை ஐயுற இடமும் குறைவு.

இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். டிரிபேர்க் அவனைத் தோற்கடித்தார் என்றே கல் கூறிற்று. கொன்றார் எனக் கூறவில்லை. எனினும் அத்தேதியையே அவன் இறந்த நாளாகக் கொள்வோர் பலர். அவன் அதன்பின்னும் வாழ்ந்து, 1811இல் மறைந்தான் என்னும் ஆராய்ச்சியாளரும் உளர். கல்லை ஊன்றிப் படித்திருந்தால் இம்மயக்கம் இவ்வளவு பரவியிராது.

அக்கல் பிற்காலத்தில் சிதைக்கப்பட்டது. புதிய சிலைகளுக்குப் பணம் திரட்டுவோர், முதலில் அக்கல்லின் வாசகத்தை மூன்று மொழிகளிலும் பொறித்து, வவுனியாச் சிலையின் பீடத்திலும் கற்சிலைமடுவிலும் பதித்தல் நன்று. சுற்றுலா செல்லும் மாணவர் சிலையை அண்ணாந்து பார்த்துவிட்டுப் பஸ்ஸில் ஏறிவிடுகின்றனர். நின்று படிப்பதற்கு அவர்களுக்கு நாலு வரியாவது வேண்டும்.