மழைக்காலத்தில் வீணையின் சுருதி

மழைக்காலத்தில் வீணையின் சுருதி அடிக்கடி விலகுவதற்கு அதன் மரப்பகுதிகள் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்பதே முதன்மைக் காரணம். காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த தீவான திருவரங்கத்தில் இது நன்கு அறியப்பட்ட சிக்கலாகும். இங்குள்ள அரங்கநாதர் கோயிலில் இரவு நடை சாத்தும் முன் வீணை இசைக்கும் 'வீணை ஏகாந்தம்' எனும் மரபு உண்டு. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையின்போதும் அதற்குச் சுருதி சேர்ந்த வீணை வேண்டும்.

காரணங்கள்

வீணையின் குடமும் தண்டியும் பெரும்பாலும் பலா மரத்தால் செய்யப்படுகின்றன. ஈரத்தை ஏற்ற மரம் நீளவாட்டில் மிகக் குறைவாகவும், குறுக்குவாட்டில் கூடுதலாகவும் உப்புகிறது. இதனால் குடத்தின் மேற்பலகையும் அதன்மேல் நிற்கும் குதிரையும் சற்றே நகர, தந்தியின் இழுவிசை மாறுகிறது. பிரடைகள் உப்பித் துளையில் இறுகிக்கொள்கின்றன; வறண்ட காலத்தில் சுருங்கி நழுவுகின்றன.

உலோகத் தந்தி ஈரத்தை உறிஞ்சாது. ஆனால் வெப்பத்தில் தளர்ந்து சுருதி இறங்கும், குளிரில் இறுகிச் சுருதி ஏறும்.

பிழையைக் கண்டறிதல்

பிரடையைத் திருப்புமுன் எது மாறியது என்று அறிய வேண்டும். முதலில் சாரணித் தந்தியை வெறுமனே மீட்டி ஷட்ஜத்தில் சேர்க்க வேண்டும். பின் 12ஆம் மெட்டில் அழுத்தினால் மேல் ஷட்ஜம் ஒலிக்க வேண்டும். அது விலகி ஒலித்தால் பிழை மெட்டிலோ, தண்டியிலோ, குதிரையிலோ உள்ளது. பிரடையால் அதைத் திருத்த முடியாது. வீணையின் 24 மெட்டுகளும் மெழுகின்மேல் பதிக்கப்பட்டவை. அவை இடம் மாறியிருந்தால் தேர்ந்த கைவினைஞரிடம் மேளம் கட்டக் கொடுக்க வேண்டும்.

சுருதி சேர்த்தல்

வாசிக்கும் இடத்தில் வீணையை அரை மணி நேரமாவது வைத்திருந்த பின் சுருதி சேர்ப்பது நல்லது. பெரிய மாற்றத்தைப் பிரடையாலும், நுண்ணிய மாற்றத்தைக் குதிரைக்குப் பின்னுள்ள லங்கர் வளையங்களாலும் செய்யலாம். ஒரு தந்தியை இறுக்கினால் குதிரையின் மேல் சுமை கூடிப் பிற தந்திகளும் சிறிது மாறும். எனவே 7 தந்திகளையும் சேர்த்தபின் மீண்டும் சாரணியிலிருந்து சரிபார்க்க வேண்டும்.

பராமரிப்பு

* இறுகிய பிரடையை வலிந்து திருகக் கூடாது, தலைப்பகுதி பிளக்கலாம். நழுவும் பிரடைக்குச் சுண்ணக்கட்டித் தூள் தடவலாம்.
* வாசித்தபின் தந்திகளை உலர்ந்த துணியால் துடைக்க வேண்டும். துருப்பிடித்த தந்தி சுருதியில் நில்லாது.
* வீணையை ஈரச் சுவரை ஒட்டியோ வெறுந்தரையிலோ வைக்கக் கூடாது. உறைக்குள் சிலிக்கா ஜெல் பைகளை இடலாம்.
* ஈரம் போக்க வெயிலில் வைப்பது தவறு. மரம் வெடிக்கலாம், மெழுகு இளகி மெட்டுகள் நகரலாம்.

வீணையை முற்றிலும் உலர்த்துவதைவிட, அது இருக்கும் இடத்தின் ஈரப்பதம் திடீரென மாறாமல் காப்பதே முக்கியம்.