மனைவிக்கான விசா, போன வருட வரிக் கணக்கில் தொடங்குகிறது

லண்டனில் திருமணங்களுக்குப் படம் எடுக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஆடி மாதம் முழுக்கக் கமரா பையிலேயே இருக்கும். ஆவணி பிறந்துவிட்டால் சனி, ஞாயிறு இரண்டு நாளும் சாப்பிட நேரமிருக்காது. மார்கழியில் மறுபடி ஓய்வு. ஜூலை மாத பேங்க் ஸ்டேட்மெண்டில் 600 பவுண்டு வரவு, செப்டம்பரில் 7,000. அவர் யாழ்ப்பாணத்தில் பதிவுத் திருமணம் முடித்துவிட்டு வந்திருக்கிறார். "எப்ப பேப்பர் போடுறீங்கள்?" என்று மனைவி ஒவ்வொரு இரவும் கேட்கிறார். "இந்த மாசம் நல்ல உழைப்பு. இதைக் காட்டிப் போட்டிடலாம்" என்கிறார் இவர்.

ஆனால் சொந்தத் தொழில் செய்பவரிடம் பிரிட்டன் ஹோம் ஆபீஸ் இந்த மாதத்து உழைப்பைக் கேட்பதில்லை. முடிந்துபோன வரி ஆண்டில் என்ன சம்பாதித்தீர்கள், அதை வரித்துறையிடம் என்னவென்று சொன்னீர்கள் என்றுதான் கேட்கிறது. பேஸ்லிப் வாங்குபவர் ஆறு மாதச் சம்பளத்தைக் காட்டிவிட்டுப் போய்விடலாம். செல்ஃப் எம்ப்ளாய்ட் ஆக இருப்பவருக்கு அந்த வழி இல்லை. அவருடைய விசாவின் பாதித் தலைவிதி, விண்ணப்பத்தைத் தொடுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே எழுதப்பட்டுவிடுகிறது.

கணவனையோ மனைவியையோ அழைக்க ஸ்பான்சருக்குக் குறைந்தபட்ச வருமானம் வேண்டும் என்ற இந்த விதி 2012 ஜூலையில் வந்தது. அப்போது தொகை ஆண்டுக்கு 18,600 பவுண்டு. 2024 ஏப்ரல் 11 முதல் 29,000. அந்தத் தேதிக்கு முன்பே விண்ணப்பித்து இந்த வழியில் வந்துவிட்டவர்கள், அதே துணையோடு விசாவை நீட்டிக்கும்போது பழைய தொகையின்படியே போகலாம். புதிதாக அழைப்பவர்கள், விண்ணப்பம் போடும் நாளில் அரசு இணையதளத்தில் என்ன தொகை இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. சொந்தக்காரர் மூன்று வருடத்துக்கு முன் சொன்ன கணக்கு இன்று உதவாது.

இனி அந்த 29,000 எதைக் குறிக்கிறது என்று பார்ப்போம். பலர் சறுக்கும் இடம் இது. கைக்கு வந்த மொத்தப் பணம் அல்ல. தொழில் செலவுகளைக் கழித்தபின், வருமான வரி கட்டுவதற்கு முன் நிற்கும் லாபம். நம் படக்காரர் ஓர் ஆண்டில் 46,000 பவுண்டுக்கு இன்வாய்ஸ் போட்டார். ஜனவரி கடைசியில் அவருடைய கணக்காளர் சந்தோஷமாகச் சொன்னார்: "அண்ணை, பெட்ரோல், புதுக் கமரா, லென்ஸ், வீட்டு இன்டர்நெட் எல்லாம் செலவில போட்டாச்சு. இந்த வருசம் வரி கொஞ்சம்தான்." செலவு 19,500. லாபம் 26,500. வரி குறைந்தது உண்மை. அதோடு மனைவிக்கான விசாவும் 2,500 பவுண்டு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டது. அந்தக் கமராவும் லென்சும் மட்டும் 6,800 பவுண்டு.

கணக்காளர் தவறு எதுவும் செய்யவில்லை. அவரிடம் விசாவைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். ஆகவே முதல் வேலை, துணையை அழைக்கும் எண்ணம் வந்த அன்றே கணக்காளரிடம் அதைச் சொல்வது. பெரிய பொருளை எந்த ஆண்டில் வாங்குவது, அதன் விலையை ஒரே ஆண்டில் கழிப்பதா, வேறு கணக்கு முறையில் பல ஆண்டுகளுக்குப் பிரித்துக் கழிப்பதா என்பதில் சட்டத்துக்கு உட்பட்ட தெரிவுகள் உண்டு. அந்தத் தெரிவுகளுக்கு, கணக்கை அனுப்புவதற்கு முன்தான் இடம் இருக்கிறது.

நடந்த செலவை மறைப்பதும் நடக்காத வருமானத்தைச் சேர்ப்பதும் வேறு விஷயம். அந்தப் பக்கமே போகாதீர்கள். திறன்மிக்க தொழிலாளர்களுக்கான ஒரு பழைய விசா வகையில், ஹோம் ஆபீஸுக்குக் காட்டிய சொந்தத் தொழில் வருமானம் ஒன்றாகவும் வரித்துறைக்குக் காட்டியது வேறாகவும் இருந்த பலர் நிரந்தர வதிவிடம் கேட்டபோது மறுக்கப்பட்டார்கள். பிறகு வரிக் கணக்கைத் திருத்தி, பாக்கி வரியைக் கட்டியும் பலருக்குச் சந்தேகம் தீரவில்லை. உண்மையாகவே கணக்கில் பிழைவிட்டவர்களும் அந்த வலையில் மாட்டினார்கள். பாலாஜிகரி என்ற வழக்கில் 2019 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு முக்கியமான உரிமையை உறுதி செய்தது: நேர்மையின்மை என்று சந்தேகப்பட்டால், முடிவெடுக்கும் முன் அந்தச் சந்தேகத்தை விண்ணப்பதாரரிடம் சொல்லி, அவர் பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தத் தீர்ப்பு வரும்வரை எத்தனை குடும்பங்கள் வேலையும் உறக்கமும் இழந்து நின்றன என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது. இரண்டு அலுவலகங்களுக்கும் ஒரே எண் போக வேண்டும். அவை ஒன்றிடம் ஒன்று கேட்டுச் சரிபார்க்கக்கூடியவை.

சரி, 26,500 உடன் நிற்பவருக்கு வழியே இல்லையா? இருக்கிறது. சொந்தத் தொழிலுக்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு. ஒன்று, கடைசியாக முடிந்த முழு வரி ஆண்டின் லாபம். மற்றது, கடைசி இரண்டு முழு ஆண்டுகளின் சராசரி. ஏறி இறங்கும் வருமானத்துக்கு இந்த இரண்டாவது கணக்கு பெரிய உதவி. நம் படக்காரருக்கு 2025–26இல் 26,500 என்றால், முந்தைய 2024–25இல் 32,300 இருந்திருந்தால் போதும். கூட்டினால் 58,800, சராசரி 29,400. தேறிவிட்டார். இதுவே முந்தைய ஆண்டு மோசமாகவும் கடைசி ஆண்டு நன்றாகவும் இருந்தால், சராசரிப் பக்கம் போகாமல் கடைசி ஆண்டை மட்டும் காட்டலாம். எது தனக்குப் பொருந்தும் என்று தாளில் போட்டுப் பார்க்காமல், "போன வருசம் குறைவு, நமக்குக் கிடைக்காது" என்று சும்மா இருந்துவிடுபவர்கள் உண்டு.

பிரிட்டனில் வரி ஆண்டு ஏப்ரல் 6இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5இல் முடிகிறது. ஆன்லைனில் கணக்குக் கொடுக்கக் கடைசி நாள் அதற்கடுத்த ஜனவரி 31 என்பதால் எல்லோரும் தை மாதம்வரை தள்ளிப்போடுகிறோம். விசாவுக்கு அந்தப் பழக்கம் ஆகாது. மே மாதம் விண்ணப்பிக்கிறீர்கள் என்றால், ஒரு மாதத்துக்கு முன் முடிந்த ஆண்டுதான் உங்கள் 'கடைசி முழு ஆண்டு'. அதன் கணக்கு ஏற்கெனவே போயிருக்க வேண்டும். ஏப்ரல் 6இலிருந்தே அதை அனுப்பலாம், யாரும் தடுப்பதில்லை.

தாள்களில் முதலாவது வரிக் கணக்கின் பிரதி. அதோடு, எவ்வளவு வரி வந்தது, எவ்வளவு கட்டினீர்கள், எவ்வளவு பாக்கி என்று காட்டும் வரித்துறையின் எஸ்ஏ302 போன்ற அறிக்கைகள். வரித்துறை தந்த யுடிஆர் எண். அதே 12 மாதத்துக்கான சொந்தக் கணக்கின் பேங்க் ஸ்டேட்மெண்ட். தொழிலுக்குத் தனிக் கணக்கு இருந்தால் அதற்கும். சராசரி வழியில் போனால் 24 மாதத்துக்கும். தணிக்கை தேவைப்படாத சிறு தொழிலுக்கு, கணக்காளரின் உறுதிச் சான்றோடு கூடிய ஆண்டுக் கணக்கு. அந்தக் கணக்காளர் அங்கீகாரம் பெற்ற கணக்காளர் அமைப்பு ஒன்றின் உறுப்பினராக இருக்க வேண்டும். பக்கத்துத் தெருவில் இருந்துகொண்டு நூறு பவுண்டுக்கு வரிக் கணக்குப் போட்டுத் தரும் அண்ணாவின் கையெழுத்து இங்கே செல்லாமல் போகலாம். இவற்றுக்கு மேல், விண்ணப்பிக்கும் நாளிலும் தொழில் நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு அத்தாட்சி: அண்மைய இன்வாய்ஸ்கள், வரவுகள், கணக்காளர் கடிதம்.

நம்மவர்களுக்கு அதிகம் தலைவலி தருவது ரொக்கம். வீணை வகுப்பு எடுப்பவர், மணமகள் அலங்காரம் செய்பவர், தவில் வாசிப்பவர் எல்லோருக்கும் பாதிப் பணம் கவரில்தான் வருகிறது. வரிக் கணக்கில் அதை நேர்மையாகக் காட்டியிருந்தும், வங்கியில் போடாமல் வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டால், வரிக் கணக்கு ஒரு தொகையும் பேங்க் ஸ்டேட்மெண்ட் இன்னொரு தொகையும் சொல்லும். வாங்கிய பணத்தை வாங்கிய வாரமே கணக்கில் போடுங்கள். எந்த இன்வாய்ஸுக்கானது என்று எழுதி வையுங்கள். மொய்ப் பணம், சீட்டுப் பணம், தம்பி திருப்பித் தந்த கடன் இவையெல்லாம் அதே கணக்கில் வந்து விழாமல் தொழிலுக்கு ஒரு தனிக் கணக்கு வைத்துக்கொண்டால், பின்னால் ஒவ்வொரு வரிக்கும் விளக்கம் எழுதும் வேலை மிச்சம்.

வேறு வருமானத்தைச் சேர்க்க முடியுமா? அதே வரி ஆண்டில் பகுதிநேரச் சம்பள வேலை பார்த்து, அந்த வேலையும் தொடர்ந்தால் சேர்க்கலாம். வீட்டு வாடகையும் சேரும். துணையும் வெளிநாட்டில் சம்பாதிக்கலாம். ஆனால் அவர் அங்கிருந்து விண்ணப்பிக்கும்போது அவருடைய சம்பளம் கணக்கில் வராது. இதைவிட அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று: சொந்தத் தொழில் வருமானத்தோடு சேமிப்பைச் சேர்க்க முடியாது. சம்பளக்காரருக்குக் குறைகிற தொகையைச் சேமிப்பால் நிரப்பும் வசதி உண்டு, நமக்கு இல்லை. சேமிப்பை மட்டுமே நம்புவதென்றால் 88,500 பவுண்டு வேண்டும், ஆறு மாதம் உங்கள் கையில் இருந்திருக்க வேண்டும். அப்பா அம்மா தந்த அன்பளிப்பு ஆகலாம், கடன் ஆகாது. ஊரில் உங்கள் பெயரில் இருந்த காணியையோ வீட்டையோ விற்று வந்த பணத்துக்கு ஆறு மாதக் காத்திருப்பு தேவையில்லை. ஆனால் உறுதியும் விற்பனைத் தாள்களும் ஆங்கில மொழிபெயர்ப்போடு இருக்க வேண்டும்.

சொந்தமாக லிமிடெட் கம்பெனி பதிந்து, அதிலிருந்து தனக்குத்தானே பேஸ்லிப் போட்டுக்கொள்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பங்குகள் உங்களிடமும் குடும்பத்திடமும் இருக்கும் சிறு கம்பெனி என்றால், ஹோம் ஆபீஸ் உங்களைச் சாதாரணச் சம்பளக்காரராகப் பார்க்காது. ஆறு பேஸ்லிப்போடு விண்ணப்பித்தால் மறுப்புத்தான் வரும். கம்பெனியின் நிதியாண்டு, அதன் வரிக் கணக்கு, வங்கிக் கணக்கு, டிவிடெண்ட் தாள்கள் எல்லாம் கேட்கப்படும்.

ஸ்பான்சர் பிஐபி, கேரர்ஸ் அலவன்ஸ் போன்ற குறிப்பிட்ட உதவித்தொகை பெறுபவராக இருந்தால் 29,000 என்ற கோடே அவருக்கு இல்லை. குடும்பம் போதிய வருவாயில் வாழ முடியும் என்று காட்டினால் போதும். வயதான தாயைப் பார்த்துக்கொண்டு இடையிடையே ஃப்ரீலான்ஸ் வேலை செய்பவர்கள் இதைத் தெரியாமல் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

எந்த வழியிலும் தொகை எட்டாதபோதும் கதவு முழுக்க மூடியில்லை. 2017 பிப்ரவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம், வருமான வரம்பு சட்டப்படி செல்லும் என்று சொன்னது. அதே தீர்ப்பில், குழந்தைகளின் நலனையும் வேறு நம்பகமான வருவாய் வழிகளையும் போதிய அளவு கருதாத விதிகளைக் குறை கூறியது. அதன்பின் விதி மாறியது. மறுப்பதால் குடும்பத்துக்கு நியாயமற்ற கடுமையான பாதிப்பு வரக்கூடும் என்று காட்ட முடிந்தால், உறவினர் தரும் உறுதியான பண உதவி, துணைக்குக் கிடைக்கவிருக்கும் வேலை போன்றவற்றையும் அதிகாரி பார்க்கலாம். இந்த வழியில் வருபவருக்கு நிரந்தர வதிவிடம் ஐந்து ஆண்டில் அல்ல, பத்து ஆண்டில். கடினமான வழிதான். ஆனால் பிள்ளை ஒரு நாட்டிலும் தாய் இன்னொரு நாட்டிலும் இருக்கும் வீட்டுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

மறுப்புக் கடிதம் வந்தால் காரணத்தை நிதானமாகப் படியுங்கள். வெளிநாட்டிலிருந்து விண்ணப்பித்தவருக்கு மேல்முறையீடு செய்ய 28 நாள் உண்டு. தொகை உண்மையிலேயே இருந்து அதிகாரி தவறாகக் கணக்கிட்டிருந்தால் மேல்முறையீடு பொருத்தம். உங்கள் பக்கம் தாள் விடுபட்டிருந்தால், பெரும்பாலும் குறையை நிரப்பிப் புதிதாக விண்ணப்பிப்பது விரைவு; விண்ணப்பக் கட்டணம் திரும்ப வராது, அதோடு கட்டிய சுகாதாரக் கட்டணம் திரும்ப வரும். இரண்டில் எது என்று தீர்மானிக்க வழக்கறிஞரையோ, குடிவரவு ஆலோசனை ஆணையத்தில் பதிந்த ஆலோசகரையோ கேளுங்கள். பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது பிரிட்டனில் குற்றம். "ஸ்டேட்மெண்டை நான் சரிபண்ணித் தாறன்" என்று சொல்பவரிடமிருந்து உடனே எழுந்து வந்துவிடுங்கள். போலித் தாள் பிடிபட்டால் இந்த விண்ணப்பத்தோடு போகாது, அடுத்து வருவதையும் கெடுக்கும்.

முதல் விசா 33 மாதத்துக்கு. அது முடியும் முன் நீட்டிக்கும்போது இதே வருமானக் கேள்வி மறுபடி வரும். ஆகவே துணை வந்து சேர்ந்தபிறகும் இன்வாய்ஸ் கோப்பை மூடிவிடாதீர்கள். அந்த முறை, அவர் இங்கே வேலைக்குப் போயிருந்தால், அவருடைய பேஸ்லிப்பும் உங்கள் கணக்கோடு சேரும்.